தைக் கல்யாணம், டெல்லியில் தேனிலவு: கடலூரிலிருந்து கிளம்பும் புதுத் தம்பதிக்கு

எங்கள் கல்யாணம் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் திருவந்திபுரத்தில் நடந்தது. பதினோராம் நாள் டெல்லிக்குக் கிளம்பினோம். டெல்லியில் இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல் ஆக்ரா, பிறகு மணாலி, மறுபடி டெல்லி, அங்கிருந்து விமானத்தில் சென்னை. மொத்தம் பத்து நாள். நாங்கள் இருவருமே அதற்கு முன் ஆந்திராவைத் தாண்டியதில்லை.

ஊர் சுற்றியதில் ஒரு குறையும் இல்லை. கஷ்டப்பட்டதெல்லாம் காகிதத்தில், பெயரில், நேரத்தில். முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அதில் பாதி நடந்திருக்காது. கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி, சிதம்பரம் பக்கமிருந்து இதே வழியில் போகப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

1. முகூர்த்தம் குறிக்கும்போதே டெல்லியின் பருவத்தையும் பாருங்கள்

நம் ஊரில் கல்யாண மாதம் ஒரு கணக்கு, டெல்லிக்குப் போக நல்ல மாதம் வேறு கணக்கு. இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

தை முதல் பாதியில் கல்யாணம் என்றால் உடனே கிளம்பாதீர்கள். ஜனவரியில் வட இந்தியா முழுக்க மூடுபனி. ரயில்கள் ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாவது அங்கே சாதாரணம். காலை விமானங்களும் தள்ளிப்போகும். இதோடு குடியரசு தினமும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி 26க்கு முந்தைய ஒரு வாரம் ஒத்திகை, சாலைத் தடுப்பு, விடுதிகளில் போலீஸ் சோதனை என்று நகரமே இறுக்கமாக இருக்கும். செங்கோட்டையும் அந்த நாட்களில் மூடியிருக்கும். என் சித்தி மகள் பொங்கல் முடிந்த வாரத்தில் போய், இரண்டு நாளில் பார்த்தது விடுதி அறையும் பனியும்தான்.

தைக் கடைசியில் கல்யாணம் செய்து மாசியில் போவது நல்லது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை டெல்லியில் வெயில் இதமாக இருக்கும், மலையிலும் பனி மிச்சம் இருக்கும். வைகாசிக் கல்யாணக்காரர்கள் டெல்லியில் 45 டிகிரி வரை போகும் வெயிலில் இறங்குவீர்கள். அப்போது டெல்லியில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம், நேராக மலைக்கு ஏறிவிடுங்கள். ஆவணியில் இமாசலத்தில் மழையும் மண்சரிவும் இருக்கும், அந்த மாதம் மணாலி, சிம்லா பக்கமே வேண்டாம் என்பேன். ஐப்பசி, கார்த்திகையில் டெல்லியின் காற்று மோசமாக இருக்கும். உங்கள் இருவரில் யாருக்காவது வீசிங் தொந்தரவு உண்டென்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கல்யாணத்துக்கும் கிளம்பும் நாளுக்கும் நடுவில் பத்து நாளாவது விடுங்கள். மறுவீடு, குலதெய்வம் கோயில், பெரியப்பா வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்று முதல் வாரம் நம் கையில் இருக்காது. தாலி பிரித்துக் கோர்க்கும்வரை தூரப் பயணம் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். இதை மாமியாரிடம் டிக்கெட் போடுவதற்கு முன் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் பணமும் போகும், மனத்தாங்கலும் வரும்.

2. டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் ஆதாரில் என் பெயர் இருக்கிறது, பின்னால் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. விமான டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். எங்களுக்குத் திரும்பும் டிக்கெட் போட்டுக் கொடுத்த உள்ளூர் முகவர், கடைசிப் பெயர்க் கட்டத்தில் என் கணவர் பெயரைப் போட்டுவிட்டார். "கல்யாணம் ஆகப்போகுதேம்மா, அதான் அந்தப் பேரு போட்டேன்" என்றார் பிறகு கேட்டபோது. டிக்கெட் வந்த அன்று நானும் அதைப் பார்த்தேன். தப்பாகத் தோன்றவில்லை. முதன்முதலாக என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரை அச்சில் பார்த்ததில் சந்தோஷம்தான் வந்தது.

விமான நிலைய வாசலில் காவலர் என் ஆதாரை இடது கையிலும் போனில் இருந்த டிக்கெட்டை வலது கையிலும் பிடித்து, கட்டைவிரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு என்னைத் தனியாக ஓரமாக நிற்கச் சொன்னார். என் கணவர் உள்ளே போய்விட்டார், நான் வெளியே. மருதாணி முழுசாக மங்காத கையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இந்தி தெரியாது, காவலருக்குத் தமிழ் தெரியாது. விமான நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய்த் திருத்தி வாங்கிவர நாற்பது நிமிடம் ஆனது, ரூபாய் ஆயிரத்துச் சொச்சமும் ஆனது. முன்கூட்டியே போயிருந்ததால் விமானத்தைப் பிடித்தோம்.

அதனால் கவனியுங்கள்:

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் மாற்றுவதாக இருந்தால் பயணம் முடித்து வந்து மாற்றுங்கள். நடுவில் ஆதாரில் திருத்தம் கொடுத்தால் டிக்கெட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் வேறு பெயர் என்று மூன்றாகிவிடும். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், அதையும் அவசரத்தில் செலவழிக்காதீர்கள்.

டிக்கெட் போடுபவர் யாராக இருந்தாலும், அண்ணனோ முகவரோ, பெண்ணின் ஆதாரைப் படமெடுத்து அனுப்பி "இதில் இருப்பதை அப்படியே போடுங்கள்" என்று எழுதிச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் போட விடாதீர்கள். பத்திரிகையில் செல்லப் பெயர் இருக்கும், பட்டம் இருக்கும், எழுத்துக் கூட்டலும் வேறாக இருக்கும்.

முதலெழுத்தை விரித்து எழுதுவதானால் அப்பா பெயரை விரித்து எழுதுங்கள். டிக்கெட் கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு எழுத்துப் பிழையை விமான நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் எளிதாகத் திருத்திவிடுவார்கள். கடைசி நேரத்தில்தான் சிக்கல்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இருவரின் அசல் ஆதார். அதோடு ஆளுக்கு இன்னொரு அட்டை, வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ. ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பான் கார்டை நம்பிப் போகாதீர்கள். உள்நாட்டு விமானத்துக்கு அது செல்லும், ஆனால் அதில் முகவரி இல்லாததால் விடுதிகளில் வாங்க மாட்டார்கள்.

ஆதார் நகல் ஆளுக்கு ஐந்து. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை இணையத்தில் இறக்கி அதையே அச்செடுத்துக்கொள்வது நல்லது. முழு எண்ணுடன் நகலைப் போகிற இடமெல்லாம் கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை.

கல்யாணச் சான்றிதழ் இல்லாமல் அறை கொடுப்பார்களா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணவன் மனைவி என்று நிரூபித்தால்தான் அறை என்று எந்தச் சட்டமும் இல்லை. இருவரின் அடையாள அட்டை போதும். ஆனால் சில விடுதிகளில் அவர்களாகவே ஒரு விதி வைத்திருப்பார்கள். எங்களுடைய இரண்டு ஆதாரிலும் முகவரி வேறு வேறு. இவருடையது மஞ்சக்குப்பம், என்னுடையது பண்ருட்டி. வரவேற்பில் இருந்த பையன் தயங்கினான். பத்திரிகையை எடுத்து நீட்டினோம். முழுக்கத் தமிழ். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், தேதி மட்டும் புரிந்தது. பிறகு போனில் இருந்த தாலி கட்டும் படத்தைக் காட்டியதும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான். உங்கள் பத்திரிகையில் ஆங்கிலப் பக்கமும் இருந்தால் ஒன்றை எடுத்துப் போங்கள். அதோடு தாலி கட்டும் படம் ஒன்று போனில் இருக்கட்டும்.

4. ரயிலா, விமானமா

போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன். கல்யாண அலுப்பு தீர ரயிலில் நன்றாகத் தூங்கினோம். விருந்தாளி, போன், சொந்தம் எதுவும் இல்லாமல் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த முதல் ஒன்றரை நாள் அதுதான்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பும். சுமார் 33 மணி நேரம், மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லி. மூன்றடுக்கு ஏசி தலைக்கு இரண்டாயிரத்தைத் தாண்டும், ஈரடுக்கு ஏசி மூவாயிரத்தைத் தாண்டும். பணம் இருந்தால் ஈரடுக்கு. முதல் வகுப்பில் இருவருக்கு மட்டுமான கூபே உண்டு என்று கேள்விப்பட்டு அதற்காகவே டிக்கெட் போடுபவர்கள் இருக்கிறார்கள். கூபே கிடைக்கிறதா, நால்வர் அறை கிடைக்கிறதா என்பது பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் தெரியும். கூபே வேண்டுமென்று எழுதிக் கேட்கலாம். நிச்சயம் கிடையாது.

நம் பக்கத்து ஆட்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் இறங்குவது எழும்பூரில், டெல்லி ரயில் கிளம்புவது சென்ட்ரலில். மெட்ரோவில் எழும்பூருக்கு அடுத்த நிலையம் சென்ட்ரல்தான், ஆனால் நான்கு பெட்டியோடு இறங்கி ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் வேலை நடக்கும் நாட்களில் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். அப்படியானால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குங்கள், எதிரிலேயே சென்ட்ரல். பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து சென்ட்ரலுக்கு இன்னும் வெகுதூரம். எப்படி வந்தாலும் மாலை ஆறு மணிக்குள் சென்னைக்குள் இருங்கள்.

புதுச்சேரியிலிருந்தே புதுடெல்லிக்கு வாரம் ஒரு முறை நேரடி ரயில் இருக்கிறது. உங்கள் தேதிக்கு ஒத்துவந்தால் பெட்டி தூக்கும் வேலையே மிச்சம்.

5. எப்போது பதிவு செய்வது

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60. வீட்டில் பெரியவர்கள் நான்கு மாதக் கணக்கையே இன்னும் சொல்வார்கள். திரும்பியும் ரயிலில் வருவதானால் அந்த டிக்கெட் சில நாள் கழித்துத்தான் திறக்கும். போகிற டிக்கெட்டைப் போட்ட சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் அது இல்லாமல் பதிவு செய்ய முடியாது, தட்கலும் இணையத்தில் கிடைக்காது. தட்கல் ஏசிக்கு முந்தின நாள் காலை 10 மணி, தூங்கும் வகுப்புக்கு 11 மணி. தேனிலவுக்குத் தட்கலை நம்பாதீர்கள்.

விமானம் என்றால் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நாங்கள் ஒன்றரை மாதம் முன்பு போட்டோம், இருவருக்கும் சேர்த்து 13,000 ஆனது. டெல்லி விமான நிலையத்தில் மூன்று முனையங்கள் இருக்கின்றன, முதல் முனையம் மற்ற இரண்டிலிருந்தும் தூரம். எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

6. டெல்லியில் அறை

எங்கே தங்குவது என்று கேட்டால் கரோல்பாக் என்பேன். மெட்ரோ பக்கத்தில், தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும், நடமாட்டம் இருக்கும் இடம். பஹாட்கஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் இரவில் சத்தம், சந்து சந்தாகப் போக வேண்டும். கன்னாட் பிளேஸ் அழகு, விலை அதிகம். 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள் கரோல்பாக்கில் சுத்தமான அறை கிடைத்தது.

ரயில் காலை ஆறு, ஏழு மணிக்குப் போய்ச் சேரும். விடுதியில் அறை கொடுப்பதோ மதியம் 12 மணிக்கு. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு இரவு ரயிலில் இருந்து, குளிக்காமல், பெட்டிகளோடு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அரை நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்து எட்டரை மணிக்கு அறை வாங்கினோம். பதிவு செய்யும்போதே போன் செய்து, "காலை ஏழு மணிக்கு வருவோம், கூடுதலாக எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

7. இறங்கியவுடன்

டெல்லியில் ரயில் நிலையம் ஒன்றல்ல. புதுடெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் எல்லாம் வேறு வேறு மூலையில். அடுத்த ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று டிக்கெட்டில் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

புதுடெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். ஒரு பக்கம் பஹாட்கஞ்ச், மறுபக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோவுக்கு அஜ்மீரி கேட் பக்கம் வாருங்கள். பஹாட்கஞ்ச் வாசலில் ஆட்கள் ஓடிவந்து, உங்கள் விடுதி மூடிவிட்டது, அந்தத் தெருவில் கலவரம், டிக்கெட்டில் முத்திரை வேண்டும், வாருங்கள் அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று கூசாமல் சொல்வார்கள். கையில் மருதாணி, கழுத்தில் புதுத் தாலி, பளபளவென்று புதுப்பெட்டி, இவற்றைப் பார்த்தவுடனே புதுசு என்று தெரிந்துவிடும். நிற்காமல் நடந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் விடுதிக்கு நீங்களே போன் செய்யுங்கள், அவர்கள் போனை வாங்கிப் பேசாதீர்கள். ஆட்டோ வேண்டுமானால் முன்பணம் கட்டும் சாவடியில் சீட்டு வாங்கி ஏறுங்கள்.

மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். அவசரத்தில் இருவரும் அதில் ஏறினால் கணவருக்கு 250 ரூபாய் அபராதம். இரண்டாவது பெட்டியிலிருந்து ஏறுங்கள். சென்னை மெட்ரோவுக்குச் சிங்கார சென்னை அட்டை வைத்திருந்தால் அதே அட்டை டெல்லி மெட்ரோவிலும் வேலை செய்யும்.

அவசர உதவிக்கு 112. எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனாலும் இருவர் போனிலும் சேமித்துவைத்திருந்தோம்.

8. டெல்லி ஒரு நாள், ஆக்ரா ஒரு நாள்

முதலில் விடுமுறை நாளைப் பாருங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றும் மூடல். சரோஜினி நகர், கரோல்பாக் கடைவீதிகளுக்கும் திங்கள்தான் விடுமுறை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல். ஆக, திங்களில் டெல்லியும் வெள்ளியில் ஆக்ராவும் வராதபடி கிளம்பும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஆக்ராவுக்கு கதிமான் எக்ஸ்பிரஸ். நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பி, நூறு நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்ட், மாலையில் அதே ரயில் திரும்பும். வெள்ளிக்கிழமை இதுவும் ஓடாது. தாஜ்மகாலுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். உள்ளே மூன்று மணி நேரம்தான். சாப்பாட்டுப் பொட்டலம், பெரிய பை, ட்ரைபாட் எதையும் உள்ளே விட மாட்டார்கள். என் பையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு இருந்தது, அதை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனோம். வாசலில் படமெடுப்பவர்கள் ஒரு படம் நூறு என்று தொடங்கி முடிவில் முப்பது படம் நீட்டுவார்கள். எத்தனை படம், எவ்வளவு பணம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

டெல்லியில் ஒரு நாளில் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, மாலையில் இந்தியா கேட் போதும். சாப்பாட்டுக்கு ஏங்கினால் ஜன்பத்தில் சரவண பவன் இருக்கிறது, ஆந்திர பவன் கேன்டீனில் மதியச் சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும். ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் என்று சுவாமிநாதன் கோயில். படியேறி நின்று சுற்றிலும் தமிழ்ப் பேச்சைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முதல் தரிசனம் வெளியூரில் என்றால் அங்கே போய்வாருங்கள்.

9. மணாலி பேருந்தும் பேக்கேஜும்

டெல்லியிலிருந்து மணாலிக்கு மாலையில் வால்வோ ஏறினால் மறுநாள் காலை, 12 முதல் 14 மணி நேரம். இமாசல அரசுப் பேருந்து காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். தனியார் பேருந்துகள் பெரும்பாலும் மஜ்னு கா டீலா பக்கம். டிக்கெட்டில் ஏறும் இடம் தெளிவாக இல்லையென்றால் முந்தின நாளே போன் செய்து இருப்பிடத்தை வாங்குங்கள். மலைப்பாதையில் வாந்தி வரும் என்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் மாத்திரை கேட்டு எடுத்துப்போங்கள்.

பேக்கேஜ் வாங்குவதானால் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை இரவு அறையில், எத்தனை இரவு பேருந்தில்? நான்கு இரவு என்று சொல்லி ஒன்றைப் பேருந்தில் கழிப்பார்கள். சுற்றிக் காட்டும் கார் எந்தெந்த இடங்களுக்குப் போகும்? அறையில் ஹீட்டர் வாடகையில் சேர்த்தியா, தனியா? ரோத்தாங் உண்டா? குளிர்காலத்தில் ரோத்தாங் கணவாய் பனியால் மூடிவிடும். மாசியில் கூட்டிப்போகிறேன் என்று எவராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். அந்த மாதத்தில் சோலாங் பள்ளத்தாக்கு, பாதை திறந்திருந்தால் அடல் சுரங்கப்பாதை தாண்டி சிஸ்ஸு, இவைதான் பனி பார்க்கும் இடம். பூப்படுக்கை, கேக், மெழுகுவத்தி விருந்து என்றெல்லாம் பட்டியலில் நீளமாக இருக்கும். அதைவிட ஹீட்டர் முக்கியம்.

10. துணியும் நகையும்

கடலூரில் கம்பளி தேடி அலையாதீர்கள். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும் ஊரிலிருந்து போதும். மீதியைக் காஷ்மீரி கேட் பேருந்து நிலையம் பக்கத்தில் மோனாஸ்டரி மார்க்கெட்டில் வாங்கினோம். ஜாக்கெட், குல்லா, கையுறை எல்லாம் இருவருக்கும் 4,500க்குள் முடிந்தது. பேசி வாங்க வேண்டும்.

கல்யாண நகையை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். மஞ்சள் கயிற்றோடு, ஒரு மெல்லிய சங்கிலி. மாமியார் வீட்டில் "புதுப்பொண்ணு வெறும் கழுத்தோட போகலாமா" என்று கேட்பார்கள். இதைக் கணவர்தான் பேச வேண்டும், நீங்கள் பேசினால் வேறு மாதிரி போகும்.

11. எங்களுக்கு ஆன செலவு

இருவருக்கும் சேர்த்து, ரூபாயில். போகும் ரயில் 6,500. திரும்பும் விமானம் 13,000. டெல்லி அறை கூடுதல் வாடகையோடு 7,000. ஆக்ரா நாள் முழுக்க 4,800. மணாலி மூன்று இரவு, போகவர வால்வோ, காலை இரவு சாப்பாடு, கார் எல்லாம் 24,000. டெல்லியில் சாப்பாடு, ஆட்டோ, மெட்ரோ 6,000. குளிர்த் துணி 4,500. சோலாங்கில் பனி உடை, சறுக்கு 3,000. பெயர்த் திருத்தத்துக்குப் போன 1,200 சேர்த்தால் 70,000. வீட்டுக்கு வாங்கிய சால்வை, ஆப்பிள், உலர்பழம் 7,000. இதற்கு மேல் 10,000 தனியாக வைத்துக்கொண்டு போனோம், தொடவில்லை. மூடுபனியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

12. ஊர் திரும்பியதும்

பெட்டியைப் பிரித்த கையோடு கல்யாணப் பதிவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள். கோயிலில் கொடுத்த ரசீது, பத்திரிகை, இருவரின் ஆதார், வயதுச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை இவற்றை ஒரே உறையில் போடுங்கள். கோயில் ரசீது பெரும்பாலும் பெண்ணின் அப்பாவிடமோ தாய்மாமாவிடமோ சட்டைப்பையில் இருக்கும், கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டுச் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். முகூர்த்த நாளில் கூட்டம் அதிகம், வேறு நாள் பாருங்கள்.

பெயர், முகவரி மாற்றுவதானால் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஆதாரில் தொடங்குங்கள். அதைக் காட்டித்தான் வங்கி, பான், பாஸ்போர்ட் எல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.